ரெண்டு ரூபாய் நோட்டும் ஆறு இலக்கமும்

எண்பதுகளில் போடிநாயக்கனூர் கடைத்தெருவில் ஏலக்காய் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, மூட்டை கட்டிக் கீழே இறக்கிய காய்க்கு விருதுநகரில் இன்று என்ன கேட்கிறார்கள், பம்பாயில் நேற்று என்ன விலைக்குப் போனது என்பது யாருக்கு முதலில் தெரிகிறதோ, அவருக்குத்தான் அன்றைய லாபம். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த விலையை ஊர் விட்டு ஊருக்குச் சொல்ல இருந்த வழியோ டிரங்க் கால். எக்ஸ்சேஞ்சில் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மணி அடித்ததும் ஆபரேட்டர் இணைப்புக் கொடுப்பார். கொடுத்த பிறகு அவர் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறாரா, வைத்துவிட்டாரா என்று தெரியாது. லைனில் இரைச்சல் அதிகம், அதனால் கத்தித்தான் பேச வேண்டும். கடை வாசல் திண்ணையில் நாலைந்து தரகர்கள் எந்நேரமும் உட்கார்ந்திருப்பார்கள். ஊரே கேட்கக் கத்த வேண்டும், ஒருவருக்கு மட்டும் புரிய வேண்டும். கிரிப்டோகிராபி என்ற பாடம் முழுவதும் இந்த ஒரு சிக்கலிலிருந்துதான் முளைக்கிறது.

என் பெரியப்பா போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்குப்பிள்ளை. சிலமலையிலிருந்து காலை பஸ்ஸில் போனால் கடைசி பஸ்ஸில்தான் வீடு திரும்புவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்னையும் கூட்டிப்போவார். பின்கட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. முன்கட்டில் மெத்தை, சாய்வு மேசை, பேரேடு, கறுப்புத் தொலைபேசி. அந்தத் தொலைபேசியில் அவர் பேசியது எனக்கு முதலில் மந்திரம் மாதிரிதான் கேட்டது.

“காய் சி, டி, லை. சி, டி, லைன்னா எடுக்கலாம். வ, ணை, ணைக்கு மேல போகாதீக.”

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சிலேட்டில் எழுதிக் காட்டினார். ‘சிவன்மலையாண்டி துணை.’ எழுத்துகளை எண்ணினால் பத்து. ஒன்றும் இரண்டாம் முறை வராது. சி என்றால் 1, வ என்றால் 2, ன் 3, ம 4, லை 5, யா 6, ண் 7, டி 8, து 9, கடைசி ணை பூஜ்யம். ஆகவே சி, டி, லை என்றால் 185. வ, ணை, ணை என்றால் 200. கடைக்குக் கடை வேறு சொற்றொடர். ஜவுளிக் கடைகளில் சேலையின் சீட்டில் அடக்க விலையை எழுத்தில் குறித்து வைப்பதும் இதே முறைதான். தொழில் செய்கிற கூட்டம் தனக்கென ஒரு பேச்சை வைத்துக்கொள்வதை நன்னூல் குழூஉக்குறி என்று இலக்கணத்திலேயே சேர்த்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது பள்ளியில் எல்லோரும் படித்த உதாரணம். நான் கேட்டது ஏலக்காய்க்காரர்களின் உதாரணம்.

பத்து எழுத்தைப் பத்து எண்ணோடு பொருத்த 36,28,800 வழிகள் உண்டு. நிமிடத்துக்கு ஒன்றாக, தூங்காமல் சோதித்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏழு வருடம் ஆகும். கேட்பதற்குப் பெரிய பாதுகாப்புதான். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த தரகருக்கு ஏழு நாள் போதும். காய் விலை நூறுக்கும் முந்நூறுக்கும் நடுவில்தான் ஆடும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே முதலில் வரும் எழுத்து 1 அல்லது 2. விலை ஐந்து ஐந்தாகத்தான் ஏறும், இறங்கும். ஆகவே கடைசி எழுத்து பெரும்பாலும் 5 அல்லது 0. நேற்றைய விலை இன்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நேற்றுக் கேட்ட எழுத்துகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீதியும் உதிர்ந்துவிடும். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-கிந்தி எழுதி வைத்தது இதைத்தான். மறைத்து எழுதினாலும் மொழியின் பழக்கம் மறையாது. எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார், பூட்டு தானே திறக்கும் என்றார். பூட்டுக்கு எத்தனை சாவி சாத்தியம் என்ற கணக்கு மட்டும் பாதுகாப்பாகாது என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் இன்றும் ஆரம்பிப்பது அந்தத் திண்ணைத் தரகரிடமிருந்துதான்.

பெரியப்பாவுக்கு அல்-கிந்தியைத் தெரியாது. ஆனால் பயம் தெரியும். கடையில் வேலை பார்த்த ஒருவர் கணக்குத் தீர்த்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போன அன்று இரவே சொற்றொடரை மாற்றினார். மாற்றினால் போதுமா? விருதுநகருக்கும் பம்பாய்க்கும் அது போய்ச் சேர வேண்டும். போனில் சொல்ல முடியாது. பதிவுத் தபாலில் அனுப்பி, கிடைத்தது என்று பதில் வரும் வரைக்கும் விலை பேசாமல் கடை கையைக் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கடைக்கே இந்தப் பாடு. முப்பது கடைகள், ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனி ரகசியம் வைத்துக்கொள்ள வேண்டுமானால் 435 சொற்றொடர்கள் வேண்டும். சாவியை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற இந்த இடத்தில்தான் அரசுகளும் படைகளும் நூற்றாண்டுக்கணக்கில் முட்டி நின்றன.

பணம் வாங்குவதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு இதைவிட நுட்பமானது. விருதுநகரில் பாக்கி வர வேண்டும், ஆள் அனுப்புகிறார்கள். போகிறவர் முகம் அங்கே யாருக்கும் தெரியாது. கடையிலிருந்து போனில் சொல்வார்கள்: “நம்ம பையன் நாளைக்கு வாரான். ரெண்டு ரூபா நோட்டு, நாலு எட்டு ரெண்டு ஒம்பது ஒண்ணு அஞ்சு.” பையன் சட்டைப்பையில் அந்த எண்ணுள்ள நோட்டு இருக்கும். விருதுநகர்க்காரர் தான் குறித்து வைத்த ஆறு இலக்கத்தோடு நோட்டை ஒத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் நோட்டை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பார். அந்த நோட்டே அவருக்கு ரசீது. ஆபரேட்டர் எண்ணைக் கேட்டிருந்தாலும் பயனில்லை, நோட்டு அவர் கையில் இல்லை. அதே நோட்டைக் காட்டி இன்னொரு தடவை வாங்கவும் முடியாது, அது பெட்டிக்குள் போய்விட்டது. கையில் இருக்கும் பொருளைக் காட்டி ஆளை நிரூபிப்பது, ஒரு முறைக்கு மேல் செல்லாதபடி செய்வது என்று பாடப்புத்தகம் இரண்டு அத்தியாயத்தில் சொல்வதை ரெண்டு ரூபாயில் முடித்திருந்தார்கள்.

முதல் தடவை என் அண்ணனை அப்படி அனுப்பியபோது பெரியப்பா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “நோட்ட நீயாத்தான் காட்டணும். வழியில எவனாவது நம்பர் என்னான்னு கேட்டான்னா, அவன் பணம் குடுக்க வந்தவன் இல்ல. இறங்கி வேற பஸ்ஸ பிடி.”

தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் படித்தோம். எங்கள் கல்லூரியில் நெட்வொர்க் என்றால் ஒரே அறைக்குள் கோஆக்சியல் கேபிளில் கோத்த ஆறேழு கணினிகள். வெளியுலகத்தோடு இணைப்புக் கிடையாது. நெட்வொர்க் பாதுகாப்பு என்ற பாடத்தை நாங்கள் வெள்ளைத்தாளில்தான் படித்தோம். ஒரு சீனியர் கொண்டுவந்த புத்தகத்தின் ஜெராக்ஸ், அதிலிருந்து எடுத்த ஜெராக்ஸ், அதிலிருந்து எங்களுக்கு ஒன்று. அட்டவணைகளில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்து ஆள் படியோடு ஒத்துப் பார்த்துத்தான் கணக்குப் போடுவோம்.

அந்த அட்டவணைகள் டிஇஎஸ் முறையுடையவை. 1977-இல் அமெரிக்க அரசு தரமாக அறிவித்த குறியாக்க முறை. 64 பிட் செய்தியை இரண்டாகப் பிளந்து, இடம் மாற்றி, கலைத்து, திரும்பப் பிளந்து, பதினாறு சுற்று. ஒரு சுற்றை மட்டும் கையால் போட்டு முடிக்க ஒரு சாயங்காலம் ஆகும். எனக்கு அதில் பிடிபடாத விஷயம் கணக்கு இல்லை. எந்த பிட் எங்கே போகிறது, எந்த அட்டவணையில் எந்த எண் என்று அத்தனையையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்களே, எதிரிக்கும் இதே புத்தகம் கிடைக்குமே என்பதுதான். எங்கள் கடையில் முறை தெரிந்தால் எல்லாம் போச்சு.

ஆசிரியர் ஒருவர் விளக்கினார். 1883-இல் ஆகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்பவர் பிரெஞ்சு ராணுவ இதழ் ஒன்றில் எழுதியது அது. முறை எதிரி கையில் சிக்கினாலும் கேடு வரக் கூடாது, ரகசியம் முழுவதும் சாவியில் மட்டுமே இருக்க வேண்டும். முறை என்பது பலர் கையில் புழங்குவது. வேலையை விட்டுப் போகிறவர், சண்டை போட்டுக்கொள்கிறவர், ஆசைப்படுகிறவர் என்று மனிதர்கள் வழியாக அது வெளியே வந்தே தீரும். சாவி சின்னது, நினைத்தவுடன் மாற்றலாம். எதிர்க் கடைக்குப் போன ஆளையும் இரவோடு இரவாக மாறிய சொற்றொடரையும் நேரில் பார்த்திருந்ததால் எனக்கு அது உடனே புரிந்தது. பெரியப்பா சரியான பாதையில்தான் இருந்திருக்கிறார். பத்து எழுத்து என்ற அளவுதான் அவருக்குப் போதவில்லை.

அளவு டிஇஎஸ்ஸுக்கும் போதவில்லை. அதன் சாவி 56 பிட். 1998 ஜூலையில் அமெரிக்காவில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அதற்கென்றே ஒரு இயந்திரம் கட்டி 56 மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்துக் காட்டியது. இங்கே நிலைமை இன்னும் மோசம். தொண்ணூறுகளின் கடைசியில் நம் நாட்டில் இணைய சேவை நிறுவனங்களுக்குக் கொடுத்த உரிமத்தில், அனுமதி வாங்காமல் 40 பிட்டுக்கு மேல் சாவி வைக்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். கலிஃபோர்னியாவில் ஒரு மாணவர், இயான் கோல்ட்பெர்க், 1997 ஜனவரியில் 250 கணினிகளை இணைத்து அப்படிப்பட்ட ஒரு சாவியை மூன்றரை மணி நேரத்தில் எடுத்திருந்தார். சாதாரண மக்கள் வலுவான பூட்டு வைத்துக்கொள்வது அரசுகளுக்குப் பிடிக்காது. அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் அந்த வாதம் ஓயவில்லை. என் பக்கம் தெளிவு. திருடனுக்கும் அதே பூட்டு கிடைக்கும் என்பதற்காக வீட்டுக்காரரிடமிருந்து பூட்டைப் பிடுங்குவது நியாயமில்லை.

டிஇஎஸ்ஸுக்குப் பதில் வந்தது ஏஇஎஸ். அமெரிக்கத் தர நிறுவனம் உலகத்துக்கே போட்டி வைத்தது. வந்த முறைகளில் பதினைந்து ஏற்கப்பட்டன, உடைக்க முடிந்தவர்கள் உடைக்கலாம் என்று எல்லாவற்றையும் வெளியிட்டார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரின் முறை வென்று 2001 நவம்பரில் தரமானது. இன்று வரை அதை நேருக்கு நேர் உடைத்தவர் இல்லை.

இவ்வளவும் பூட்டைப் பற்றி. 435 சொற்றொடர்களின் சிக்கல் அப்படியே இருந்தது. அதற்கு விடை சொன்ன பக்கத்தை நான் முதலில் படித்த இரவு தூங்கவில்லை. விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் 1976-இல் வெளியிட்டது. பெரியப்பாவின் கறுப்புத் தொலைபேசியை வைத்தே சொல்கிறேன், காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

போடிக் கடையும் விருதுநகர்க் கடையும் ஆபரேட்டர் காதுபடவே இரண்டு எண்களைப் பேசி வைத்துக்கொள்கின்றன: 7, 23. போடிக்காரர் மனதுக்குள் ஓர் எண்ணை நினைக்கிறார், 3. யாரிடமும் சொல்லவில்லை. 7-இன் மூன்றாம் அடுக்கு 343. அதை 23-ஆல் வகுத்தால் மீதி 21. “இருபத்தொண்ணு” என்று போனில் கத்துகிறார். விருதுநகர்க்காரர் மனதில் நினைத்தது 4. 7-இன் நான்காம் அடுக்கு 2,401. மீதி 9. “ஒம்பது” என்று கத்துகிறார். இப்போது போடிக்காரர் தான் கேட்ட 9-ஐத் தன் ரகசிய எண்ணான 3-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறார்: 729, மீதி 16. விருதுநகர்க்காரர் தான் கேட்ட 21-ஐத் தன் 4-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறார்: 1,94,481, மீதி 16. இருவர் கையிலும் 16. அந்த எண்ணை யாரும் உச்சரிக்கவே இல்லை. ஆபரேட்டர் கேட்டது 7, 23, 21, 9, அவ்வளவுதான். அடுத்த அரை மணிக்கு அந்தப் பதினாறுதான் சாவி. நாளைக்கு வேறு.

23 என்பதால் ஆபரேட்டர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அதனிடத்தில் 617 இலக்கமுள்ள ஒரு பகா எண்ணை வைத்தால்? முன்னோக்கிப் போவது கணினிக்கு நொடிப் பொழுது. மீதியிலிருந்து பின்னோக்கிப் போய் ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க இன்றைய கணினிகளை எல்லாம் சேர்த்தாலும் நடைமுறையில் வழியில்லை. பதிவுத் தபால் வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், முன்பின் பார்த்திராத இருவர் எல்லோர் காதுபடவும் பேசி ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ளலாம். பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஎச்கியூவில் ஜேம்ஸ் எல்லிஸ், கிளிஃபர்ட் காக்ஸ், மால்கம் வில்லியம்சன் ஆகியோர் எழுபதுகளின் தொடக்கத்திலேயே இதைக் கண்டுபிடித்துப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள் என்பது 1997-இல்தான் வெளியே வந்தது. மனிதர் கண்டதிலேயே அழகான கணக்குகளில் ஒன்று என்று இதை நான் நினைக்கிறேன். பல வருடம் சொல்லிக் கொடுத்த பிறகும், இரண்டு பக்கமும் 16 வரும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இதில் ஓர் ஓட்டை உண்டு. ஆபரேட்டர் கேட்பதோடு நிற்காமல் நடுவில் புகுந்து, போடிக்காரரிடம் தான்தான் விருதுநகர் என்றும், விருதுநகரிடம் தான்தான் போடி என்றும் பேசினால், இரண்டு பக்கமும் தனித்தனியாக ரகசியம் உண்டாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் படித்துவிடுவார். கணக்கு சரி, ஆள்தான் தப்பு. அந்தக் காலத்தில் ஆளை உறுதிப்படுத்தியது குரல். இருபது வருடப் பழக்கம். இப்போது டிஜிட்டல் கையெழுத்து. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் கொடுத்த ஆர்எஸ்ஏ முறையில், ஒருவர் தன்னிடம் மட்டும் உள்ள சாவியால் கையெழுத்திட, உலகத்தில் யாரும் அவருடைய பொதுச் சாவியால் சரிபார்க்கலாம். நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்து அந்தக் கையெழுத்துக்குச் சட்ட மதிப்புக் கொடுத்தது. இந்த முறைகளுக்கெல்லாம் பெரிய பெரிய பகா எண்கள் வேண்டும். ஓர் எண் பகா எண்தானா என்பதை ஐயத்துக்கு இடமின்றி, விரைவாகச் சொல்லும் பொது வழி உண்டு என்று 2002-இல் நிரூபித்தவர்கள் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த பையன்கள்.

போடி இப்போது வேறு ஊர். 2007-இல் ஸ்பைசஸ் போர்டு ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்து விலை கேட்கிறார்கள். 2021-இல் போடி மையமும் மலைக்கு மேலே புத்தடி மையமும் கிளவுடில் இணைக்கப்பட்டு, இரண்டு இடத்திலிருந்தும் ஒரே ஏலத்தில் கேட்க முடிந்தது. பெரியப்பா பத்து எழுத்துக்குள் மறைத்து வைத்த விலையை இன்று சிலமலையில் டீக்கடையில் உட்கார்ந்து யாரும் பார்க்கலாம். விலை வெளியே வந்துவிட்டது, அது விவசாயிக்கு நல்லது. தரகர்களின் மற்ற பேச்சு வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. 2016 ஏப்ரலிலிருந்து அதில் எல்லாச் செய்தியும் முனைக்கு முனை குறியாக்கம் ஆகிறது. சாவியை உண்டாக்குவது டிஃபி, ஹெல்மன் வழியின் புது வடிவம், பூட்டுவது ஏஇஎஸ். எழுபதுகளில் வல்லரசுகளிடமும் இல்லாத பூட்டு, ஜீப்பில் தொங்கிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிற பையன் சட்டைப்பையில் இருக்கிறது.

என் அண்ணன் மகள் போடி அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். 2012-இல் தொடங்கிய கல்லூரி. நாங்கள் ஜெராக்ஸில் தடவித் தடவிப் படித்ததை அவள் ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் விரிவுரையாகப் போனில் பார்க்கிறாள், புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி ஓட விடுகிறாள். போன கோடையில் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்து எனக்கு ஒன்று காட்டினாள். அவளே ஒரு சின்ன உள்நுழைவுப் பக்கம் எழுதி, பழைய ஹெச்டிடிபி வழியில் வைத்திருந்தாள். என் போனிலிருந்து அதில் ‘ஏலக்காய்’ என்று கடவுச்சொல் அடிக்கச் சொன்னாள். அவள் திரையில் வயர்ஷார்க் மென்பொருள் வீட்டு வைஃபையில் ஓடும் பொட்டலங்களை வரிசை வரிசையாக அள்ளிக்கொண்டிருந்தது. ஒன்றைத் திறந்தாள். யூனிகோடு எண்களாக வந்திருந்ததை ஒரு கட்டளை கொடுத்துத் தமிழாக்கினாள். ‘ஏலக்காய்’ என்று தெளிவாக நின்றது. பிறகு ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒரு சான்றிதழ் உண்டாக்கி, பக்கத்தை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றினாள். மறுபடி அடித்தேன். அதே பொட்டலத்துக்குள் இப்போது தலையும் காலும் புரியாத எழுத்துக் குவியல்.

அவளுடைய அப்பத்தா வெற்றிலை இடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. “அப்ப நாம போன்ல பேசுறத நடுவுல எவனும் கேக்க முடியாதாக்கும்?”

“வாட்ஸ்அப்புல பேசுனா முடியாது அப்பத்தா.”

“சரி. அந்தப் பக்கம் பேசுறவன் யாருன்னு அது சொல்லுமா?”

அவள் என்னைப் பார்த்தாள். “அத மட்டும் அது சொல்லாது சித்தப்பா, இல்ல?”

முழுக்கச் சொல்லாது என்றில்லை. வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு தொடர்புக்குள்ளும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று இருக்கிறது. இருவரும் நேரில் சந்தித்து ஒத்துப் பார்த்துக்கொண்டால் நடுவில் ஆள் இல்லை என்பது உறுதி. விருதுநகரில் நோட்டை ஒத்துப் பார்த்த வேலைதான் அது. எங்கள் ஊரில் அதைத் திறந்து பார்த்தவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அப்பத்தா கேட்ட கேள்வி நேர் இதயத்தில் போய் நிற்கிறது. யாரும் ஒட்டுக்கேட்க முடியாத ஒரு குழாய் வழியாகத் திருடனிடமே பேசிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் தெருவில் ஒரு பெண், ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர், சேர்த்து வைத்த பணம் முழுவதையும் அப்படித்தான் இழந்தார். கூப்பிட்டவன் நல்ல தமிழில், ‘அம்மா’ போட்டுப் பேசியிருக்கிறான். கார்டு இன்றோடு நின்றுவிடும், ஒரு நம்பர் வரும், அதைப் படித்துச் சொன்னால் சரி செய்துவிடுகிறேன் என்றிருக்கிறான். வந்தது ஆறு இலக்கம். அதற்கு மேல், யாரிடமும் பகிராதீர்கள் என்று குறுஞ்செய்தியில் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். அவருக்குத் தமிழ்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எண்ணை மட்டும் படிக்கத் தெரியும், அதைப் படித்துச் சொல்லிவிட்டார். என்னிடம் வந்து சொன்னது மறுநாள் சாயங்காலம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அடித்துப் பதிவு செய்தோம். ஆனால் அதற்குள் பணம் கணக்கு மாறிக் கணக்கு மாறி எங்கோ போயிருந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டிருந்தால் ஒரு கணக்கிலாவது நிறுத்தி வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

எனக்குக் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. ஆன்லைனில் கார்டு உபயோகிக்க இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலேயே கொண்டுவந்தது. அதற்குப் பயன்படும் பூட்டு இந்த ஓடிபி. நல்ல பூட்டு. ஆனால் சாவி யார் கையில் போகிறதோ அவரிடம் அது சாவி என்று அவர் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். பெரியப்பா அண்ணனை பஸ் ஏற்றுவதற்கு முன் சொன்னார். இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் மகளின் பாடநோட்டை வாங்கிப் புரட்டினேன். மட்டு எண் கணிதம், ஏஇஎஸ், ஆர்எஸ்ஏ, ஹாஷ், ஃபயர்வால், எல்லாம் ஒழுங்காக இருந்தது. போனில் கூப்பிட்டு எண்ணைக் கேட்கிறவனைப் பற்றி ஒரு பக்கம் இல்லை. பாதுகாப்பைப் படிப்பதென்றால் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பகா எண்கள் அதற்குப் பிறகு வரட்டும், ஓடிவிடாது.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப் ஓடாத நேரமாகப் பார்த்து, தெருப் பெண்கள் எங்கள் திண்ணையில் கூடுகிறார்கள். பேசுவது அவள், நான் பக்கத்தில் இருப்பதோடு சரி. முதல் வாரம் அவள் நோட்டுக் கதையைச் சொன்னாள். ரெண்டு ரூபாய் நோட்டுக்காகப் பக்கத்து வீடுகளில் தேடி, ஒரு பாட்டி டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் ஆறு இலக்கத்தையும் போனில் வந்த ஆறு இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். விருதுநகர்க்காரர் பையனைக் கூப்பிட்டு நம்பர் என்ன என்று கேட்டாரா? கேட்கவில்லை. அவரிடம்தான் நம்பர் ஏற்கெனவே இருக்கிறதே.

“அப்ப பேங்க்குக்காரரே கேட்டா?” என்றார் ஒருவர்.

“அந்த நம்பர அனுப்புனதே பேங்க்குதானக்கா. அவுகளுக்கு எதுக்கு நீங்க திருப்பிச் சொல்லணும்?”

கொஞ்ச நேரம் ஆளுக்காள் பேச்சு. பிறகு முன் வரிசையில் இருந்த இன்னொருவர், சந்தையில் காய்கறி விற்கிறவர், தன் போனை நீட்டினார். ஒருவன் ஒரு கட்டம் கட்டமான படத்தை அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் ஐயாயிரம் வரும் என்று சொல்லியிருக்கிறான், போடலாமா என்று கேட்டார்.

“போடாதீங்கத்தே,” என்றாள். “காசு உங்களுக்கு வர்றதுக்குப் பின் நம்பரே தேவையில்ல. பின் நம்பர் போட்டா காசு உங்ககிட்ட இருந்து போகுதுன்னுதான் அர்த்தம்.” போனை வாங்கி, அந்த எண்ணைத் தடை செய்து, சைபர் கிரைம் தளத்தில் புகார் எழுதுவது எப்படி என்று அங்கேயே தொடங்கினாள். மற்றவர்கள் எட்டிப் பார்க்க நகர்ந்து உட்கார்ந்தார்கள்.